குன்னூர் எலிகளின் கழுத்தில் இருந்தது என்ன?

தைராய்டு டெஸ்ட் எடுத்த வீடுகளில் டி3, டி4, டி.எஸ்.எச். என்ற மூன்று வரிகள் இப்போது எல்லாருக்கும் பழக்கம். சிலருடைய ரிப்போர்ட்டில் அதற்குக் கீழே நான்காவதாக ஒரு வரி இருக்கும்: ஆன்டி-டி.பி.ஓ. ஆன்டிபாடி. பக்கத்தில் தடித்த எழுத்தில் 600 என்றோ 1,000-க்கு மேல் என்றோ ஒரு எண். நார்மல் எல்லை என்று போட்டிருப்பது வெறும் இரண்டு இலக்கம். பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கும். "உங்க உடம்பே உங்க தைராய்டை அழிக்குதும்மா" என்று டாக்டர் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார். வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டு அக்கா முட்டைக்கோஸை நிறுத்து என்பார், சித்தி கல்லுப்புக்கு மாறு என்பார், வாட்ஸப் இன்னும் பத்து விஷயம் சொல்லும்.

அந்த நான்காவது வரிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான அத்தியாயம் நம்ம நீலகிரியில், குன்னூரில் நடந்தது. சிம்ஸ் பூங்காவுக்குப் போனவர்கள் பக்கத்திலேயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட் கட்டடத்தையும் பார்த்திருப்பீர்கள். நாய்க்கடி ஊசி என்றால் ஞாபகம் வருகிற இடம். 1907-ல் அது தொடங்கியதும் அந்த வேலைக்காகத்தான். ஆனால் தைராய்டு ஆராய்ச்சியில் அன்று உலகம் அறிந்த பெயர்களில் ஒன்று பல ஆண்டுகள் அந்த மலைமேல்தான் வேலை பார்த்தது. அவர் ராபர்ட் மெக்காரிசன். 1929-ல் அவர் எலிகளின் கழுத்துச் சுரப்பியில் ஒன்றைப் பார்த்தார், அதை அச்சிலும் எழுதினார். அதற்கு முழு அர்த்தம் என்ன என்று சொல்லக்கூடிய அறிவு உலகத்துக்கு வர இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. இந்தப் பதிவு அந்த இடைவெளியைப் பற்றியது. ரிப்போர்ட்டில் இருக்கிற எண்ணை எப்படிப் படிப்பது என்பதற்கும் அந்தக் கதை உதவும்.

கில்கிட்டில் தொடங்கியது

மெக்காரிசன் வட அயர்லாந்துக்காரர். 1878-ல் பிறந்தவர். மருத்துவம் முடித்த கையோடு 1901-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு எல்லையில் சித்ரால், பிறகு கில்கிட் என்று போனார். அந்தப் பள்ளத்தாக்குகளில் ஊருக்கு ஊர் கழுத்து வீங்கிய மக்கள். முன்கழுத்துக் கழலை, காய்ட்டர். குழந்தைகளில் காது கேளாமை, வளர்ச்சிக் குறைவு, மூளை வளர்ச்சியின்மை. இதில் நரம்பு சார்ந்த வகை ஒன்று, தைராய்டு சுரப்பே இல்லாமல் உடல் ஊதிப்போகும் வகை ஒன்று என்று இரண்டு இருப்பதைப் பிரித்துக் காட்டி 1908-ல் எழுதினார். இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் நிற்கிற பிரிவு அது.

கில்கிட்டில் அவர் கவனித்தது இதுதான். ஒரே ஓடைத் தண்ணீர் ஒரு கிராமத்தைக் கடந்து அடுத்த கிராமத்துக்குப் போகிறது. மேலே இருக்கும் கிராமத்தின் அழுக்கு கீழே இருக்கும் கிராமத்தின் குடிநீர். கீழே போகப் போகக் கழலை அதிகமாகிறது. அப்படியானால் தண்ணீரில் ஏதோ ஒரு கிருமி இருக்கிறது என்று நினைத்தார். சோதித்துப் பார்க்க, அந்தத் தண்ணீரை வடிகட்டிக் கிடைத்த கசடை சிலருக்குக் குடிக்கக் கொடுத்தார். தானும் குடித்தார்! கொதிக்க வைத்த கசடை வேறு சிலருக்குக் கொடுத்தார். கொதிக்க வைக்காததைக் குடித்தவர்களில் சிலருக்குக் கழுத்து வீங்கியது. கிருமிதான் என்ற நம்பிக்கை அவருக்கு உறுதியானது. குடலைச் சுத்தம் செய்யும் மருந்துகள் கொடுத்தார், குடல் கிருமிகளிலிருந்து தடுப்பூசி மருந்துகூடச் செய்து பார்த்தார்.

இன்று நமக்குத் தெரியும், இமயமலை அடிவாரத்தில் கழலைக்கு முக்கியக் காரணம் மண்ணில் அயோடின் இல்லாதது. பனியும் மழையும் ஆறும் அயோடினைக் கழுவிக்கொண்டு போய்விட்டன. 1917-லேயே அமெரிக்காவில் டேவிட் மரைன் என்பவர் ஒஹாயோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பள்ளிச் சிறுமிகளுக்கு அயோடின் கொடுத்துக் கழலையைத் தடுக்கும் சோதனையைத் தொடங்கிவிட்டார். மெக்காரிசன் அயோடின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்பதைக் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. தைராய்டு வீக்கம் ஒரே நோய் அல்ல, பல வழிகளில் வரும் என்பது அவர் கட்சி. இந்தப் பிடிவாதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு அறை ஆய்வகம்

1918-ல் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் பற்றிய விசாரணை என்ற பெயரில் ஆய்வு தொடங்கியது. தீட்டிய அரிசி சாப்பிடும் பகுதிகளில் கால் வீங்கி, நரம்பு செத்து வரும் நோய் பெரிபெரி. பிறகு அது சத்துக் குறைபாட்டு நோய்கள் விசாரணை ஆனது. நடுவில் 1923-ல் அரசாங்கம் செலவைக் குறைக்கிறேன் என்று அதை மூடிவிட்டது. 1925-ல் மறுபடி உயிர்வந்தது. 1928-ல் முழு ஆய்வகமாகி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர். நாம் சாப்பிடும் கேழ்வரகில் எவ்வளவு கால்சியம், முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்பு என்று பார்க்கிற அட்டவணைகளைப் போடும் நிறுவனத்துக்குப் பிறந்த வீடு குன்னூர்.

அங்கே மெக்காரிசன் செய்த பிரபலமான சோதனை, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குப் போட்டுப் பார்த்தது. முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென்று முதலிடத்தில். தீட்டிய அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி இடத்தில். நமக்குக் கொஞ்சம் வலிக்கிற முடிவுதான், ஆனால் நடந்தது அதுதான்.

எலிகள் செத்தபிறகு அவற்றின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது அவர் பழக்கம். தைராய்டு அவருடைய பழைய காதல், அதை விடுவாரா? 1917-லேயே தைராய்டு பற்றிக் கனமான புத்தகம் எழுதியவர். சத்துக் குறைந்த தீவனம் தின்ற எலிகள் சிலவற்றின் தைராய்டில் வழக்கமான கழலையில் இல்லாத ஒன்றைப் பார்த்தார். சுரப்பித் திசுவுக்குள் வெள்ளையணுக்களில் ஒரு வகையான லிம்போசைட்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து உட்கார்ந்திருந்தன. லண்டனில் ஸ்காட் வில்லியம்சன், இன்னஸ் பியர்ஸ் என்ற இருவர் மனிதர்களில் இதே மாதிரி வீக்கத்துக்கு லிம்ஃபடினாய்டு காய்ட்டர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதாவது, நிணநீர்க் கட்டி போல் ஆகிவிட்ட தைராய்டு. அதை எலியில் உணவால் உண்டாக்க முடிகிறது என்று மெக்காரிசன் 1929-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்.

அவர் எடுத்த முடிவு, சாப்பாடு சரியில்லை, அதனால் சுரப்பி கெட்டது. இருபது வருடம் உணவும் தண்ணீரும் பார்த்த மனிதர் வேறு என்ன சொல்வார்?

ஜப்பானில் ஒரு கிராமத்து டாக்டர்

இந்த இடத்தில் ஜப்பானுக்கு ஒரு நடை போய்வர வேண்டும். குன்னூரில் எலியின் கழுத்தில் தெரிந்த காட்சியை மனிதக் கழுத்தில் முதலில் விவரமாக எழுதியவர் அங்கேதான் இருந்தார்.

ஹகாரு ஹாஷிமோட்டோ, 1881-ல் பிறந்தவர். மருத்துவர் குடும்பம். ஃபுகுவோகாவில் கியூஷு பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைத் துறையில் இருந்தபோது, கழுத்து வீக்கத்துக்காக ஆபரேஷன் செய்த நான்கு பெண்களின் தைராய்டை ஆராய்ந்தார். நான்கு பேரும் 40 வயதைத் தாண்டியவர்கள். நான்கு தைராய்டிலும் லிம்போசைட் கூட்டம், அங்கங்கே நார் நாராகத் தழும்பு, சுரப்பி அணுக்கள் சிதைவு. இது அதுவரை எழுதப்பட்ட எந்த நோயும் இல்லை, புதுசு என்று 1912-ல் ஜெர்மன் மொழியில் ஒரு அறுவை சிகிச்சை இதழில் எழுதினார். பிறகு ஜெர்மனிக்குப் படிக்கப் போனார், முதல் உலகப்போர் வந்தது, ஊர் திரும்பினார். 1916-லிருந்து சொந்த ஊரில் சாதாரண டாக்டராக வேலை பார்த்து, 1934-ல் டைஃபாய்டில் இறந்துபோனார். தன் பெயர் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் எழுதப்படும் என்று அவருக்குத் தெரியாது.

தேதிகளைப் பாருங்கள். ஹாஷிமோட்டோ தன் ஊரில் நாடி பார்த்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் மெக்காரிசன் குன்னூரில் எலி தைராய்டை அறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவர் கண்ணிலும் பட்டது லிம்போசைட். ஆனால் அந்த லிம்போசைட் உடம்பில் என்ன வேலை செய்கிறது என்பதே அன்று ஒருவருக்கும் தெரியாது! இதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். லிம்போசைட்தான் நோயெதிர்ப்பின் படைவீரன் என்பது 1950களின் இறுதியிலும் 1960களிலும்தான் சோதனைகளால் நிலைநாட்டப்பட்டது. 1929-ல் அது மைக்ராஸ்கோப்பில் தெரிகிற, பெரிய கருவோடு கூடிய ஒரு சின்ன உருண்டை, அவ்வளவுதான். ஒரு வீட்டு வாசலில் கூட்டம் நிற்கிறது என்று தெரிகிறது. கல்யாணமா, சாவா, கடன்காரர்களா என்று சொல்ல வழியில்லை.

உடம்பு தன்னையே தாக்குமா?

இன்னொரு தடையும் இருந்தது. அது கருவி இல்லாத தடை அல்ல, எண்ணத்தின் தடை. ஜெர்மானிய மேதை பால் எர்லிக் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். உடம்பு அந்நியப் பொருளுக்கு எதிராகத்தான் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, தயாரிக்கும். தன் சொந்தத் திசுவுக்கு எதிராகத் தயாரிப்பதை உடம்பு அஞ்சித் தவிர்க்கிறது என்றார். அவர் சொன்னது கொஞ்சம் நுட்பமானது. பின்னால் வந்தவர்கள் அதை "நடக்கவே நடக்காது" என்று ஆக்கிவிட்டார்கள். பெரியவர் சொன்னதைச் சீடர்கள் சட்டமாக்குவது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை.

அந்தச் சீடர் பரம்பரையிலேயே வந்தவர் எர்ன்ஸ்ட் விடெப்ஸ்கி. அமெரிக்காவில் பஃபலோ நகரில் இருந்தார். அவரிடம் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் நோயல் ரோஸ், முயலின் தைராய்டில் பாதியை வெட்டி எடுத்து, அதிலிருந்து சாறு எடுத்து, எதிர்ப்பைத் தூண்டும் ஒரு எண்ணெய்க் கலவையோடு சேர்த்து அதே முயலுக்கே ஊசி போட்டார். எர்லிக் பள்ளிப்படி ஒன்றும் நடக்கக் கூடாது. ஆனால் முயலின் ரத்தத்தில் தன் தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடி வந்தது. கழுத்தில் மீதியிருந்த பாதித் தைராய்டை எடுத்துப் பார்த்தால், உள்ளே லிம்போசைட் கூட்டம். ஹாஷிமோட்டோவின் நான்கு பெண்களிடம் இருந்த அதே காட்சி. குருவுக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகு 1956-ல் வெளியிட்டார்கள்.

அதே 1956-ல் லண்டனில் டெபோரா டோனியாக், ஐவன் ராய்ட் குழு. டோனியாக் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்திருந்தார். ஹாஷிமோட்டோ நோயாளிகளின் ரத்தத்தில் காமா குளோபுலின் அதிகம். தைராய்டை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டால் அது இறங்குகிறது. ஆன்டிபாடிகள் எல்லாம் அந்தப் புரதக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. அப்படியானால் ஆன்டிபாடி தைராய்டுக்கு எதிராகவே உண்டாகிறதோ? நோயாளியின் சீரத்தையும் தைராய்டுச் சாற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளையாகப் படிந்தது. மனிதனில் ஒரு உறுப்பை உடம்பே தாக்கும் நோய்க்கு அது முதல் தெளிவான சாட்சி.

அதே ஆண்டு மூன்றாவதாக, நியூசிலாந்தின் டுனீடின் நகரில் ஆடம்ஸ், பர்வ்ஸ் இருவரும் எதிர்ப்பக்கத்தைக் கண்டார்கள். தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்யும் கிரேவ்ஸ் நோயாளிகளின் ரத்தத்தில், தைராய்டை நீண்ட நேரம் தூண்டிக்கொண்டே இருக்கும் ஒரு பொருள் இருந்தது. அதுவும் ஆன்டிபாடி என்று பின்னால் தெரிந்தது. ஒரே சுரப்பி. ஒரு ஆன்டிபாடி அழிவோடு சேர்ந்து வருகிறது, இன்னொன்று குதிரையைச் சாட்டையால் அடிக்கிற மாதிரி சுரப்பியை ஓடவிடுகிறது.

மெக்காரிசன் 1935-ல் ஓய்வு பெற்று இங்கிலாந்து போய், 1960-ல்தான் இறந்தார். ஆக அவர் உயிரோடு இருக்கும்போதே, குன்னூர் எலிகளின் கழுத்தில் பார்த்த காட்சியைப் படிக்க வேறொரு அகராதி வந்துவிட்டது. அந்த எலிகளுக்கு வந்தது சரியாக ஹாஷிமோட்டோ நோய்தான் என்று நான் சொல்லவில்லை. லிம்போசைட் கூட்டம் பல காரணத்தால் சேரலாம். ஆனால் அவர் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார். விளக்கம் பின்னால் மாறினாலும் எழுதி வைத்த காட்சி மாறாது. பழைய ஆய்வுக் கட்டுரைகளை இன்றும் புரட்ட வேண்டியிருப்பது அதனால்தான்.

அந்த நான்காவது வரி

1956-ல் கண்டது தைரோகுளோபுலினுக்கு எதிரான ஆன்டிபாடி. அடுத்த ஓரிரு ஆண்டில் தைராய்டு அணுவுக்குள்ளே இருக்கும் வேறொரு பொருளுக்கு எதிரான ஆன்டிபாடியையும் கண்டார்கள். அது எந்தப் பொருள் என்று தெரியாததால் மைக்ரோசோமல் ஆன்டிபாடி என்று பொத்தாம்பொதுவாகப் பெயர். 1985-ல்தான் அது தைராய்டு பெராக்ஸிடேஸ் என்ற நொதி என்று கண்டுபிடித்தார்கள். சுருக்கமாக டி.பி.ஓ. அயோடினை எடுத்து தைராய்டு ஹார்மோனில் கோர்த்துவிடும் வேலை அந்த நொதியுடையது. உங்கள் ரிப்போர்ட்டில் இருப்பது இதற்கு எதிரான ஆன்டிபாடி.

ஹாஷிமோட்டோ நோயாளிகளில் 100-க்கு 90 பேருக்கும் மேல் இது இருக்கும். கிரேவ்ஸ் நோயாளிகளிலும் பெரும்பாலோருக்கு இருக்கும். சங்கடம் என்னவென்றால், ஒரு தொந்தரவும் இல்லாத பெண்களிலும் பத்தில் ஒருவருக்காவது இருக்கும். 2013-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் சென்னை உட்பட இந்தியாவின் எட்டு நகரங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். தைராய்டு சுரப்புக் குறைவு இருந்தது 10.95 சதவீதம் பேருக்கு. ஆன்டி-டி.பி.ஓ. இருந்தது 21.85 சதவீதம் பேருக்கு. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆன்டிபாடி உள்ளவர்களின் எண்ணிக்கை, நோய் உள்ளவர்களைப்போல இரு மடங்கு. ஆக, ஆன்டிபாடி இருந்தாலே நோய் என்று ஆகாது.

அப்போ இருந்தால் என்னதான் ஆகும்? இதற்கு நல்ல விடை இங்கிலாந்தில் விக்கம் என்ற ஊரில் கிடைத்தது. 1970களின் தொடக்கத்தில் அந்த ஊர்க்காரர்களைப் பரிசோதித்து, 20 ஆண்டு கழித்து அதே ஆட்களைத் தேடிப் பிடித்து மறுபடி பார்த்தார்கள். பெண்களில், டி.எஸ்.எச். சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் ஆண்டுக்கு 2.1 சதவீதம் பேருக்கு முழு சுரப்புக் குறைவு வந்தது. டி.எஸ்.எச். மட்டும் கூடியிருந்தால் 2.6 சதவீதம். இரண்டும் சேர்ந்து இருந்தால் 4.3 சதவீதம். 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஆன்டிபாடி மட்டும் இருந்தவர்களில் 100-க்கு 27 பேருக்கு நோய் வந்தது. மீதி 73 பேருக்கு வரவில்லை. இரண்டும் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேல்.

வானம் கறுத்திருக்கிறது, மழை வரலாம், குடையை எடுத்து வை. ஆன்டி-டி.பி.ஓ. சொல்வது அவ்வளவுதான். மழை பெய்கிறதா என்று பார்க்க வேண்டியது டி.எஸ்.எச்.சில். மாத்திரையின் அளவை முடிவு செய்வதும் டி.எஸ்.எச்.தான். 600 இருந்தது 400 ஆச்சு, சந்தோஷம், 900 ஆச்சு, துக்கம் என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை காசு கொடுத்து ஆன்டிபாடியை எண்ணிக்கொண்டிருப்பதால் சிகிச்சை மாறப்போவதில்லை. போதாததற்கு லேபுக்கு லேப் கிட் வேறு, எல்லையும் வேறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கு மட்டும் இந்த வரி கூடுதல் முக்கியம், டி.எஸ்.எச்.சை அடிக்கடி பார்க்க வேண்டியிருக்கும். அங்கேயும் சுரப்பு சரியாக இருக்கும் பெண்களுக்கு ஆன்டிபாடிக்காக மட்டும் தைராக்ஸின் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு ஒன்று 2019-ல் வந்தது. குழந்தைப் பேறு கூடவில்லை.

உப்பு மாறியது, கழலையும் மாறியது

குன்னூரின் கதை மெக்காரிசனோடு முடியவில்லை. அதே ஆய்வகத்தில் ஆராய்ச்சி வாழ்க்கையைத் தொடங்கியவர்களில் ஒருவர் வி. ராமலிங்கசுவாமி. ஆந்திரத்துக்காரர். அவர் 1956-ல் இமயமலை அடிவாரத்தில் காங்ரா பள்ளத்தாக்கில் ஒரு சோதனையைத் தொடங்கினார். பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. சில ஆண்டில் அயோடின் உப்புப் பகுதிகளில் பள்ளிப் பிள்ளைகளின் கழலை பாதியளவுக்குக் குறைந்தது. சாதா உப்புப் பகுதியில் அப்படியே இருந்தது. பிறகு அங்கேயும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். இதை ஒட்டித்தான் 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. இன்று நம் ரேஷன் கடை உப்புப் பாக்கெட்டில் இருக்கும் அயோடின் அந்த வழியில் வந்தது. கிருமி, தண்ணீர் என்று மெக்காரிசன் தேடிய கேள்விக்கு, அவர் கட்டிய ஆய்வகத்தில் வளர்ந்தவரே வேறு விடை சொன்னார்.

ஆனால் ஒரு திருப்பம். அயோடின் குறைவால் வரும் கழலை வடிந்தபிறகு, மிச்சம் நின்ற கழலைகளை ஊசி வைத்துப் பார்த்தால் அதில் நிறைய லிம்போசைட் வகை. வெள்ளம் வடிந்தால் பாறை தெரிகிற மாதிரி. வெறுமனே வெளியே தெரிந்தது மட்டுமா, அயோடினே கொஞ்சம் தூண்டவும் செய்கிறதா என்பதும் கேள்வி. இலங்கையில் 1990களில் உப்புக்கெல்லாம் அயோடின் சேர்த்தபிறகு பள்ளி மாணவிகளைப் பரிசோதித்தார்கள். தைரோகுளோபுலின் ஆன்டிபாடி எதிர்பாராத அளவுக்கு அதிகமாக இருந்தது. சில ஆண்டு கழித்து மறுபடி பார்த்தபோது குறைந்திருந்தது. உடம்பு புது அயோடினுக்குப் பழகும்போது வந்துபோன சலசலப்பு என்று அதைப் படிக்கலாம்.

இதைக் கேட்டுவிட்டுக் கல்லுப்புக்கு ஓடிவிடாதீர்கள். அயோடின் இல்லாததால் ஒரு குழந்தையின் மூளைக்கு வரும் சேதத்தைத் திருப்ப முடியாது. ஆன்டிபாடியால் வரும் சுரப்புக் குறைவுக்கு, வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது. கில்கிட்டில் மெக்காரிசன் பார்த்த காது கேளாத குழந்தைகளை நினைத்துக்கொண்டால் உப்பு பற்றிய சந்தேகம் தானாகத் தீரும்.

முட்டைக்கோஸ் கதைக்கும் குன்னூர் சாட்சி இருக்கிறது. 1928-ல் அமெரிக்காவில் வேறொரு ஆராய்ச்சிக்காக முட்டைக்கோஸையே தீனியாகப் போட்டு வளர்த்த முயல்களுக்குக் கழலை வந்தது தற்செயலாகத் தெரிந்தது. 1930களின் தொடக்கத்தில் மெக்காரிசனும் முட்டைக்கோஸ், பிறகு சோயா, நிலக்கடலை என்று எலிகளுக்குப் போட்டுப் பார்த்து எழுதினார். அவை கழலை உண்டாக்கும் தன்மை உள்ளவைதான். ஆனால் அந்த மிருகங்களுக்கு அதுவே பெரும்பங்கு சாப்பாடு. நாம் ஊட்டி முட்டைக்கோஸில் பொரியல் செய்து, அதுவும் வேகவைத்து, வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு கரண்டி சாப்பிடுகிறோம். உப்பில் அயோடினும் இருக்கிறது. ஒன்றும் ஆகாது. முட்டைக்கோஸுக்கும் ஆன்டிபாடிக்கும் சண்டையும் இல்லை, உறவும் இல்லை. அது அயோடினைத் தடுக்கிற கதை, இது உடம்பு தன்னைத் தாக்குகிற கதை. வாட்ஸப்பில் இரண்டையும் கலந்துவிட்டார்கள்.

நீலகிரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது முட்டைக்கோஸை அல்ல, காலை டீயை. தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் எழுந்து, மாத்திரையைப் போட்டு, கையோடு டீயையும் குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள். தைராக்ஸின் மாத்திரை வெறும் தண்ணீரோடு போய், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் தனியாக இருந்தால்தான் சரியாகச் சேரும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் நான்கு மணி நேரம் தள்ளி. மாத்திரை சாப்பிட்டும் டி.எஸ்.எச். இறங்கவே இல்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பார்க்கலாம். காலையில் முடியவே முடியாது என்றால், இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மெக்காரிசன் பிடிவாதமாகச் சொன்னது ஒன்று மிச்சம் இருக்கிறது. தைராய்டு வீக்கம் ஒரே நோய் அல்ல என்றார். கிருமி விஷயத்தில் அவர் கை ஓங்கவில்லை. இதில் ஓங்கிவிட்டது. அயோடின் இல்லாத கழலை வேறு, உடம்பே தாக்கும் கழலை வேறு, தூண்டிவிடப்பட்ட கழலை வேறு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் வீங்கிய கழுத்துதான். பிரித்துச் சொல்ல அந்த நான்காவது வரி உதவுகிறது. அந்த வேலையை ஒருமுறை செய்துவிட்டால் அதன் கடமை பெரும்பாலும் முடிந்தது. அதற்குப் பிறகும் அந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து ராத்தூக்கம் கெட வேண்டாம்.

மதராஸ் சாப்பாட்டு எலிகள் ஏன் கடைசி இடம் வந்தன, அதில் அரிசியின் குற்றம் எவ்வளவு, கூட வைத்ததின் குற்றம் எவ்வளவு என்பதைத் தனியாக எழுத வேண்டும். அது அடுத்த பதிவில்.